பூ சுரண்டிய படம்

சந்திரிகா வரைந்த அந்தப் படம் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒன்றரை வருடமாகக் கிடந்தது. படத்தின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை, பயம்தான். அந்தப் படம்தான் புருஷனைப் படுக்கையில் தள்ளியது என்று யாராவது சொன்னால் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள். யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவளே அதை நம்பினாள்.

ரவாங்கில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க ஒரே மாதிரியான டப்பாக்களைப் பார்த்து, கோணல் இருந்தால் எடுத்துப் போடவேண்டும். வேறு எதுவும் செய்யக்கூடாது, அதற்குத்தான் சம்பளம். அந்த அலுப்புக்கு மருந்தாக, ஞாயிற்றுக்கிழமைகளில் கோல சிலாங்கூரில் நடந்த ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். படம் என்றால் சாயம் மட்டும்தான் என்று யார் சொன்னது, துணியை ஒட்டு, நாரை ஒட்டு, மண்ணைக் குழைத்துப் பூசு என்று அங்கே சொன்னார்கள். சந்திரிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. குப்பைக்குப் போகவேண்டியதெல்லாம் அவள் அலமாரிக்குப் போக ஆரம்பித்தது. மகேந்திரன் தன் பழைய செருப்பைக்கூட ஒளித்து வைக்கவேண்டியிருந்தது.

அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவனையே வரைந்துவிடுவது என்று முடிவு செய்து, மேசை அகலத்துக்கு ஒரு பலகை வாங்கினாள். மகேந்திரன் தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுநர். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துச் சாலைகளில் அவன் லோரிச் சத்தம் தெரியாத நாய் கிடையாது. அவனுடைய காக்கிச் சட்டையைப் பட்டனோடு சேர்த்து நெஞ்சுப் பகுதியில் ஒட்டினாள். செம்பனை நாரைப் பிரித்து மீசை வைத்தாள். அவன் நிறம் எந்தக் கடைச் சாயத்திலும் அமையவில்லை, அதனால் மஞ்சள் தூளைப் பசையில் குழைத்து முகத்துக்குப் பூசினாள். கடைசியில், தலையைச் சுற்றிக் கொஞ்சம் வெளிச்சம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. சாமி படங்களிலிருந்து கழற்றிய காய்ந்த மாலைகளை அவள் குப்பையில் போடுவதில்லை. பையில் சேர்த்து வைத்து ஆற்றில் விடுவாள். அந்தப் பையிலிருந்து சாமந்தி இதழ்களை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

சமையலறைத் தரையில் பலகையைப் போட்டு, அதன் மேல் குனிந்தபடியே வேலை செய்ததுதான் தப்பாகிவிட்டது. எட்ட நின்று ஒருதடவைகூட அவள் பார்க்கவில்லை. பிறந்தநாளன்று பலகையை ஹாலில் நிமிர்த்தி வைத்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நாத்தனார் நல்லம்மாள்தான் முதலில் பார்த்தாள். கிட்டத்தில் இதழ் இதழாகத் தெரிந்தது, வாசலிலிருந்து முழு மாலையாகத் தெரிந்தது.

“அடிப்பாவி! உசுரோட இருக்கற மனுசன் படத்துக்கு மாலைய போட்டு வச்சிருக்கியே!”

வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கும் மாலைதான் தெரிந்தது. மகேந்திரன் சிரித்து மழுப்பினான். கேக் வெட்டினார்கள், பிரியாணியும் தீர்ந்தது, ஆனால் ஒருவரும் அந்தப் படத்தின் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. சந்திரிகா அன்றைக்கே படத்தைச் சமையலறைக்குத் தூக்கிப்போய், மெஷினுக்குப் பின்னால் வைத்தாள்.

அடுத்த தீபாவளிக்குள் மகேந்திரனுக்குக் கால் வீங்கி, சப்பாத்து நுழையாமல் போனது. பரிசோதித்துப் பார்த்தால் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. பல வருடமாகச் சர்க்கரை உள்ளே இருந்து அரித்திருக்கிறது என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். அவர் போட்ட படத்தை யாரும் நம்பவில்லை. எல்லாரும் சந்திரிகா போட்ட படத்தைத்தான் நம்பினார்கள். நல்லம்மாள் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வரும்போதெல்லாம் படம் சாய்த்து வைத்திருந்த ஹால் சுவரை ஒருதரம் பார்ப்பாள், அவ்வளவுதான். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் கோல சிலாங்கூர் டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொள்ளவேண்டும். சந்திரிகா மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, காலையில் அவனை உட்காரவைத்துத் தானே காடி ஓட்டிக் கொண்டுபோய்விட்டு, நாலு மணி நேரம் காத்திருந்து கூட்டிவந்தாள். லோரி வேலை போனது. தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்று ஆனது. முழு லோரிக்குத் தார்ப்பாய் கட்டிய கை, இப்போது ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்ளப் பழகியது.

ஒரு சனிக்கிழமை காலை அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“ஏங்க, நேரமாச்சு. என்னா செய்து உங்களுக்கு?”

“ஒண்ணும் செய்யல. நான் வரல.”

“வரலன்னா?”

“போதும்லா, சந்திரி. இனிமே போறதா இல்ல.”

ஜோகூரில் இருக்கும் மகள் ஷர்மினி போனில் அழுதாள். நல்லம்மாள் வந்து தம்பியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிலையத்தில் ஊசி போடும் மிஸி போனில் நயமாகத்தான் பேசினாள், சொன்ன விஷயம் நயமாக இல்லை. இன்னும் ஒருதடவை விட்டால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், மூச்சு முட்டும், அதற்கு மேல் தாங்காது. திங்கட்கிழமை சந்திரிகா வேலைக்குப் போகவில்லை. அவன் கால் இரண்டும் தலையணை மாதிரி இருந்தன. பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினான்.

அந்தத் திங்கட்கிழமை பார்த்துத்தான் துணி துவைக்கும் மெஷினின் குழாய் வாயைப் பிளந்தது. சமையலறை முழுக்கத் தண்ணீர். மெஷினைப் பிடித்து இழுத்ததும் பின்னால் இருந்த பலகை மல்லாந்து விழுந்தது. அவசரமாக அதன் மேல் ஒரு துண்டைப் போட்டாள். அதற்குள் மகேந்திரன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டான்.

“அத எடு. இங்க கொண்டா.”

“வேணாங்க. சனியன் அது.”

“என் மூஞ்சிதானே. கொண்டாலா.”

சாப்பாட்டு மேசையில் போட்டாள். அவன் உட்கார்ந்து தன் முகத்தைத் தானே நெடுநேரம் பார்த்தான். பிறகு இழுப்பறையிலிருந்து திருப்புளியை எடுத்து, காய்ந்த இதழ்களைச் சுரண்ட ஆரம்பித்தான். பசை நன்றாகப் பிடித்திருந்தது. இதழோடு பலகையின் தோலும் உரிந்து வந்தது. மாலை இருந்த இடத்தில் சொறி பிடித்த மாதிரி குழி குழியாக விழுந்தது. போட்ட மாலையைச் சுரண்டுவது போட்டதைவிடக் கெட்ட சகுனமா இல்லையா என்று சந்திரிகாவுக்குத் தெரியவில்லை. அதைப் பற்றிச் சொல்லவும் யாரும் இல்லை.

சுரண்டிய வேகத்தில் அவன் கை பட்டு, அளந்து ஊற்றியிருந்த அரைக் கோப்பைக் கோப்பி படத்தின் மேல் கவிழ்ந்தது. பக்கத்தில் கிடந்த பாத்திரம் கழுவும் துணியை எடுத்து அவசரமாகத் துடைத்தான். துணியில் சவர்க்காரம் இருந்தது. துடைத்த இடம், கன்னம் முழுக்க, அவர்கள் கண் முன்னாலேயே ரத்தச் சிவப்பாக மாறியது.

சந்திரிகா அலறிவிட்டாள். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது துணி துவைக்கும் எவளுக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது புருஷன் முகத்தில் ரத்தம், அவ்வளவுதான்.

மகேந்திரனுக்கு முதலில் தோள் குலுங்கியது. மூச்சுதான் முட்டுகிறதோ என்று அவள் பிடிக்க ஓடினாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

“உன்ன பொண்ணு பாக்க வந்தப்ப என் மூஞ்சி இப்படித்தான் செவந்துச்சு. அம்மா சொல்லும்.”

“பாத்தா சிரிப்பு வருதா உங்களுக்கு?”

“இன்னொரு கன்னத்தையும் தொடைடி. ஒரு பக்கம் மட்டும் அறை வாங்கின மாதிரி இருக்கு.”

அவள் துடைத்தாள். இரண்டு கன்னமும் சிவந்தன. எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று அவன்தான் கேட்டான். லீமாவ் காயைப் பிழிந்தார்கள், சிவப்பு ஓடிப்போய் மஞ்சள் திரும்பி வந்தது. மறுபடி சவர்க்காரம், மறுபடி லீமாவ். கழுத்தில் ஒரு கோடு, நெற்றியில் ஒரு புள்ளி. பல நாளாகச் செத்த வீடு மாதிரி இருந்த வீட்டில் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி சாறு வழியக் குனிந்து நின்றார்கள். நடுவில் அவன் மூச்சு வாங்கிக்கொள்ள நாற்காலியில் சாய்வான், அவள் பாராத மாதிரி துணியைப் பிழிவாள்.

ஆட்டத்துக்கு விதியையும் அவனே போட்டான். ஆளுக்கு ஒரு கை. ஒருத்தர் ஒன்று செய்யவேண்டும், அடுத்தவர் அதை எடுக்கக்கூடாது, அதற்கு மேல் வேறு ஒன்று செய்யலாம். அவன் டீத்தூளைத் தலைமுடியில் அப்பினான். அவள் சட்டைப் பையில் அவனுடைய பழைய சீப்பைச் செருகினாள். குழிகளை எப்படி மூடுவது என்பதில்தான் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

“சின்னதா, வட்டமா எதாச்சும் வேணும்,” என்றான். “அங்க ரத்தம் கழுவற மெசின் டியூப்புக்கு மூடி வருமே. செவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. பிரிச்ச ஒடனே தூக்கித்தான் போடறாங்க. சுத்தமாத்தான் இருக்கும்.”

“மிஸிகிட்ட கேட்டா குடுப்பாங்க.”

“போன் போட்டுக் கேளு.”

“நீங்களே வந்து கேளுங்க.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். “என்னைய ஏமாத்தற.”

“ஆமா.”

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் அவன் காடியில் ஏறி உட்கார்ந்தான். மிஸி ஒருத்தி திட்டிக்கொண்டே ஊசியைக் குத்தி, போகும்போது ஒரு பை நிறைய மூடிகளைக் கொடுத்து அனுப்பினாள். அடுத்தடுத்த வாரங்களில் அங்கே அவனுக்கு மூடி அங்கிள் என்றே பெயர் வந்துவிட்டது.

அந்தச் சில வாரங்களில் படத்துக்கு நடக்காத கொடுமை இல்லை. ஈயம் தோண்டிய பழைய குட்டைப் பக்கமிருந்து வெள்ளை மணலைக் கொண்டுவந்து பசையில் குழைத்து, தலையைச் சுற்றி ஒரு சாலை போட்டார்கள். சாலை மேல் சிவப்பு மூடியும் நீல மூடியும் மாறி மாறி ஓடின. சிவப்பெல்லாம் குலை ஏற்றிய லோரி, நீலமெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும் லோரி என்றான். கடைப் பசை தீர்ந்த அன்று கஞ்சியைக் காய்ச்சி ஒட்டப்போக, கரப்பான் வந்து பாதி மீசையைத் தின்றுவிட்டது. மறுபடி வைக்கலாம் என்று அவள் சொன்னதற்கு, தின்றது கரப்பானோட கை, அதை எடுக்கக்கூடாது என்று சட்டம் பேசினான். அவள் தொழிற்சாலையிலிருந்து கோணல் டப்பாக்களைக் கொண்டுவந்து இஸ்திரிப் பெட்டியால் உருக்கி, பின்னால் செம்பனை மரங்கள் செய்தாள். வீடெல்லாம் நாற்றம். அது மரம் மாதிரி இல்லை, நண்டு மாதிரி இருந்தது. ஆனாலும் எட்ட நின்று பார்த்தால் அந்தச் சாலையும் நண்டு மரங்களும் அரை மீசையும் சேர்ந்து, அப்படியே மகேந்திரன். முதல் படத்தில் இல்லாத குறும்பு இதில் இருந்தது.

சந்திரிகா சந்தோஷமாக இருந்தாள். பயம் விட்டுப்போனது. தன் கையால் வந்த கெடுதல் தன் கையாலேயே போய்விட்டது என்று மனசுக்குள் கணக்கை முடித்துக்கொண்டாள். அவன் ஒரு நாளும் தவறாமல் போய்வந்தான். மதிய ஷிப்டுக்குப் போகும் வழியில் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

பலகையின் மேல்விளிம்பில், முன்பக்கம், இரண்டு ஓரத்திலும் அவன் ஒரு சின்னக் கொக்கியைத் திருகியிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. சுவரில் மாட்டுவதற்குத்தான் என்று நினைத்தாள். மாட்டுகிற கொக்கி பின்பக்கம் அல்லவா இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு புதன்கிழமை நல்லம்மாள் வந்தாள். மாறிப்போன படத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். மாலை போய்ச் சாலை வந்திருப்பதைப் பார்த்து அவளுக்கே முகம் மலர்ந்துவிட்டது. சந்திரிகா தேத்தண்ணி கலக்க உள்ளே போனாள். அடுப்பங்கரைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரைதான்.

“அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். சத்தம் போடாத.”

“சொல்லு தம்பி.”

“இன்னும் ரெண்டு கைதான் பாக்கி. படம் முடிஞ்சிரும். முடிஞ்சதும் நான் ஆஸ்பத்திரிக்குப் போறத நிப்பாட்டிக்கறேன். காரியத்துக்குப் போட்டோ தேடி அலைய வேணாம், இதையே வையுங்க. மாலை போட ரெண்டு கொக்கி வச்சிருக்கேன். நல்லா இருக்குல்ல? சந்திரிகிட்ட நீதான் பதமா சொல்லணும்.”

நல்லம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. சந்திரிகா அதை அணைக்கவும் மறந்து நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தான் புருஷனை மரணத்திலிருந்து இழுத்துக்கொண்டு வருவதாக நினைத்து ஒவ்வொரு மூடியாக ஒட்டியிருக்கிறாள். அவனோ தன் காரியத்துக்குப் படம் தயார் செய்திருக்கிறான். அதற்கு அவளையே எடுபிடியாகவும் வைத்துக்கொண்டிருக்கிறான்.

திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“அப்ப சிரிச்சதெல்லாம் வேசமா?”

மகேந்திரன் திடுக்கிடவில்லை. எப்படியும் தெரியவேண்டியது தெரிந்துவிட்டதே என்கிற மாதிரி அவளைப் பார்த்தான்.

“வேசம் இல்லடி. நெசமாத்தான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே போறேனே, அது ஒனக்குப் பொறுக்கலையா?” மூச்சு வாங்கிக்கொண்டான். “நாலு மணி நேரம் என் ரத்தம் வெளிய போயி ஊரச் சுத்திட்டு வருது. நான் கூரைய பாத்துக்கிட்டுக் கெடக்கேன். மறுநாள் பூரா எந்திரிக்க முடியல. அடுத்த நாள் மறுபடி அங்க. எத்தன வருசம்? நீ ஓட்டிப் பாரு அந்த லோரிய. களைச்சுப் போச்சு, சந்திரி.”

அவன் சொன்னது எல்லாம் உண்மை, அதுதான் கொடுமை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

“இந்தப் படத்துல நான் எங்க?” என்றாள் திடீரென்று.

“என்னா?”

“ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம்ல. ஒங்க சட்ட இருக்கு, ஒங்க சீப்பு இருக்கு, லோரி இருக்கு, கரப்பான் தின்ன மீசகூட இருக்கு. நான் எங்க இருக்கேன்?”

சந்திரிகா அறைக்குள் போய்க் கண் மைப் பென்சிலை எடுத்துவந்தாள். மேசை மேல் இருந்த படத்தில், அந்த மணல் சாலைக்கு உள்ளே, அவன் காதுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் தன் முகத்தை வரைய ஆரம்பித்தாள். கண்ணாடியும் பார்க்கவில்லை. கோபத்தில் வரைந்ததால் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரு கண் பெரிதாகிவிட்டது. மஞ்சளைக் குழைக்காமல் விரலால் தொட்டு அப்படியே அப்பினாள். கடைசியில் தன் நெற்றியில் இருந்த பொட்டை உரித்தெடுத்தாள்.

“ஐயோ, என்னா காரியம் செய்ற!” நல்லம்மாள் அவள் கையைப் பிடிக்க ஓடிவந்தாள். புருஷன் எதிரில் இருக்க ஒருத்தி பொட்டை எடுப்பதைப் பார்க்க எந்தப் பெண்ணால் முடியும்.

சந்திரிகா அந்தப் பொட்டைப் படத்தில் இருந்த தன் நெற்றியில் வைத்து அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து, வெறும் நெற்றியோடு நாத்தனாரைப் பார்த்தாள்.

“அண்ணி, நீங்களே சொல்லுங்க. நான் உசுரோட இருக்கேன். நான் இருக்கற படத்துக்கு மாலை போடுவீங்களா?”

நல்லம்மாள் படத்தைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். “போடக்கூடாது,” என்றாள் மெல்ல. “சத்தியமா போடக்கூடாது.”

மகேந்திரன் கையை ஓங்கி மேசையில் அடித்தான். மூடிகள் இரண்டு தெறித்து விழுந்தன.

“என்னைய சாகவும் விடமாட்டியா நீ?”

“மாட்டேன்.”

“ஆட்டத்த கெடுத்துட்ட.”

“என் கை. நீங்க எடுக்கக்கூடாது.”

அவன் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நல்லம்மாள் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தெறித்த மூடிகளைப் பொறுக்கி வைத்தாள். போகும்போது, சாமி மேடையிலிருந்து குங்குமத்தை எடுத்துத் தம்பி பெண்டாட்டியின் வெறும் நெற்றியில் வைத்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் சந்திரிகாவைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வியாழக்கிழமை. சந்திரிகா காடியை வெளியே எடுத்து எஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். எதிர்வீட்டுப் பையன்கள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிள் வந்து போனது. வரமாட்டான் என்று அவளுக்கு நிச்சயமான பிறகுதான் கதவு திறந்தது.

வந்து உட்கார்ந்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். தாங்கள் குடியிருக்கும் தாமானைத் தாண்டிச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் போகும்போது, முன்னால் ஒரு குலை லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் முந்து, முந்தாதே என்று ஆயிரம் யோசனை சொல்வான். இன்றைக்கு அதையும் சொல்லவில்லை. லோரி மண் சாலையில் திரும்பிப் போன பிறகுதான் வாயைத் திறந்தான்.

“ஒனக்காகத்தான் வர்றேன். எனக்காக இல்ல. அத தெரிஞ்சுக்க.”

“தெரியும்.”

“சனிக்கெழம என்னா சொல்வேன்னு எனக்கே தெரியாது.”

“சனிக்கெழம கேட்டுக்கறேன்.”

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. களைத்துப்போன ஒரு மனுஷனைப் போகவிடாமல் சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அவனுக்காகவா என்று கேட்டால், இல்லை. அந்த வீட்டில் அவன் இல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது, அதற்காகத்தான். இதை அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். கோல சிலாங்கூர் வந்துவிட்டது.

உள்ளே வழக்கமான கட்டில். மிஸி அவன் இடது கையை நீட்டச் சொல்லித் துடைத்தாள். அந்தப் பெரிய ஊசியைக் குத்தும் நேரத்தில் மகேந்திரன் எப்போதும் சந்திரிகாவை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிடுவான். வலிக்குதா என்று அவள் எப்போது கேட்டாலும், எறும்பு கடிச்ச மாதிரிதான் என்பான். இன்றைக்கு அவள் கிளம்பத் திரும்பியபோது, வலது கையை நீட்டி அவள் விரலைப் பிடித்தான்.

ஊசி உள்ளே போனது. பிடி இறுகியது.

“வலிக்குதுலா, சந்திரி,” என்றான் கூரையைப் பார்த்தபடி. “ஒவ்வொரு தடவையும் வலிக்குது.”

மிஸி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சந்திரிகா கையை விடாமல் உட்கார்ந்தாள்.